நாராயணவனத்தில் நண்டு பிடித்தவர்

மூடியிருக்கும் கதவைக் கண்டால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. லேசாக ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். திருப்பதியில் எங்கள் கம்பெனி இருந்த கட்டடத்துக்கு அவர் வந்த முதல் வாரமே, கழிவறைக் கதவு நீங்கலாக மற்ற எல்லாக் கதவுகளிலும் அவர் கை பட்டுவிட்டது. பூட்டியிருந்தால் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார். திறந்துகொண்டால்தான் வம்பு.

சர்வர் அறை திறந்துகொண்டது. உள்ளே எங்கள் வாட்ச்மேன் டிபன் கேரியரைப் பரப்பி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெயிலு தாங்கலம்மா. இங்க ஏசி ஜில்லுன்னு கீது. அதான் உள்ள வந்து துன்றேன்" என்றார், எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

"துன்னுங்க, துன்னுங்க. சாவி யார் குடுத்தா?"

"சாவி எதுக்கும்மா? ஏசி தண்ணி ஒழுகுது. பக்கெட்ட மாத்த அடிக்கடி நாதான் வரணும். பூட்டறதே இல்ல."

அக்கா அவரைத் திட்டவில்லை, மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை. ஏசியைச் சரிசெய்ய ஆள் வரவழைத்தார், அவ்வளவுதான். ஒழுகல் நின்றது, அறைக்குப் பூட்டு வந்தது. வாட்ச்மேன் மட்டும் பல நாள் அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அக்கா எங்கள் கம்பெனி ஆள் இல்லை. ஏரியில் மீன் பிடிப்பவர்கள் அன்றன்று பிடித்ததை ஃபோனிலேயே தெரிவிக்க நாங்கள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். என்ன மீன், எவ்வளவு, எந்த இடம். இந்த மூன்றும் தப்பாமல் வந்தால் ஏரியில் மீன் வளம் எப்படி இருக்கிறது என்று மீன் ஆபீசுக்குத் தெரியும். பறவைகளுக்காக ஒதுக்கிய தடைப்பகுதியில் யார் வலை போட்டார்கள் என்றும் தெரியும். அந்த ஏற்பாட்டில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது, எவன் எப்படிப் புகுந்து என்ன கெடுதல் செய்யலாம் என்று பார்த்துச் சொல்வதற்காக வெளியிலிருந்து வந்தவர் அவர். நான் ஊத்துக்கோட்டைக்காரன். ஏரிக்கரை ஊர்களுக்குப் போய்ச் செயலியைக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அவரைக் கூட்டிக்கொண்டு அலைகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

இந்த மாதிரி ஆள் என்றால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டித் தள்ளுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா லேப்டாப்பைத் திறப்பதே அபூர்வம். டீக்கடையில் நிற்பார். பஸ் ஸ்டாண்டில் நிற்பார். ஊர் வம்பெல்லாம் கேட்பார். கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்: "இத உங்களத் தவிர வேற யாரால பண்ண முடியும்?"

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருடையது. நிலம் நீச்சு இல்லாத குடும்பம். இவர் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருடைய அப்பா கொஞ்சம் நிலம் வாங்கி மாங்கன்று வைத்தாராம்.

"எங்க நைனா பேர்ல எவனோ வருஷக்கணக்கா ரேஷன் அரிசி வாங்கித் துன்னுக்கினு இருந்தான் தம்பி" என்று ஒருநாள் காரில் போகும்போது சொன்னார். "எங்க நைனா போய்க் கேட்டா, நீதான்யா வாங்கிக்கினு போன, இங்க பதிவு கீதுன்றாங்க. வாங்கினவன் வாங்கினேன்னு காட்டலாம். வாங்காதவன் எதக் காட்டுவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அவரோடு பழகுவது சுலபமில்லை. தன் பிறந்தநாளை அவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதியாகச் சொல்லி வைத்திருந்தார். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்குச் சொன்ன தேதியில் மேனேஜர் கேக் வாங்கி வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். அக்கா கேக்கை வெட்டினார், எல்லோருக்கும் ஊட்டினார், பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்லது நினைத்துத்தானே சொன்னேன், இதற்கும் ஒரு பரீட்சையா என்று இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கோச்சிக்கினியா?" என்று அவராகவே வந்தார். "நீ கெட்டவன்னு நா சொல்லலியே. ஒருத்தருக்குச் சொன்னது எத்தினி பேருக்குப் போவுதுன்னு பாத்தேன். கேக்கு நல்லா இருந்திச்சி இல்ல?"

கேக் நன்றாகத்தான் இருந்தது. வருடத்தில் பல தடவை அவருக்குப் பிறந்தநாள் வந்ததில் எங்களுக்கும் நஷ்டமில்லை.

மீன் ஆபீசின் வரவேற்பறையில் சுவரை அடைத்து ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். ஏரியின் படம். யார் எங்கே என்ன பிடித்தார்களோ அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். வருகிற பெரிய மனிதர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அக்கா முதல் தடவை போனபோது அதிகாரி உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. வெளி பெஞ்சிலேயே காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இறால் வியாபாரிகள் இரண்டு பேர், ஏதோ லைசென்ஸ் விஷயமாக வந்தவர்கள், வாயில் பாக்கை மென்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்துபோய்ப் புள்ளிகள் நெருக்கமாக இருந்த இடத்தை ஃபோனில் படமெடுத்துக்கொண்டார்.

உள்ளே போனதும் அக்கா கேட்டார்: "சார், இறா எங்க கீதுன்னு பிடிக்கிறவனுக்குத் தெரியும். வெளியூர்லேர்ந்து பெரிய வலையோட வர்றவனுக்கும் நீங்களே தெரிவிக்கணுமா?"

அதிகாரி சித்தூர்க்காரர். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொண்டு வரும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தத் திரை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. "மேடம்காரு, அது மன ஆபீஸ், நம்ம ஆபீஸ் கௌரவம்" என்று முடித்துக்கொண்டார்.

தேசப்பன் விவகாரம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

தேசப்பன் ஏரிக்கரை ஊர் ஒன்றில் மீன் பிடிக்கிறவர். தடைப்பகுதிக்குள், பறவைகள் கூடு கட்டும் இடத்தை ஒட்டி, அவர் பெயரில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. செயலியில் அவருடைய எண், அவருடைய ரகசிய எண், எல்லாம் சரியாக இருந்தன. ஆபீஸ்காரர்கள் போய்ப் படகைப் பிடித்துக் கரையில் கட்டிவிட்டார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் படகு போய்விடும். படகு போனால் பாடும் போய்விடும். அந்த ஊரில் இறால் வரும் நீர்ப்பகுதிகளை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன வரிசை என்று எல்லோர் காதும் கேட்க அறிவிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். படகு இல்லாதவனுக்குப் பாடு இல்லை என்பது ஊர்க் கட்டு. இறால் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் போனபோது தேசப்பன் வெறுங்கையோடு கரையில் உட்கார்ந்திருந்தார். "நா எம் பாடுலதாம்மா வல போட்டேன். பறவைங்கோ கிட்ட எனக்கு இன்னா வேல? கேட்டா, மிஷின் சொல்லுதுன்றாங்க. மிஷினு என்னப் பாத்துச்சா?" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். உங்களைத் தவிர வேறு யாரால் உங்கள் பெயரில் அனுப்ப முடியும்?

"ஊர்ல எல்லாராலயும் முடியும்" என்றார் தேசப்பன், இதென்ன கேள்வி என்பது போல.

ரகசிய எண் நாலு இலக்கம், மறக்காததாக வையுங்கள் என்று கம்பெனி கையேட்டில் இருந்தபடி நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, அவரவர் பாடு வரிசை எண்ணையே வைத்துவிட்டார்கள். முன்னால் சைபர்களைப் போட்டு நாலாக்கிக்கொண்டார்கள். அந்த வரிசைதான் கோயில் முன்னால் ஊருக்கே அறிவித்தது ஆயிற்றே.

"அப்ப ரகசியம்னு எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

கன்னியம்மா என்று ஒருத்தி, ஊர் மீனை எல்லாம் வாங்கிப்போய் விற்கிறவள், எனக்குப் பதில் சொன்னாள். "மறச்சி வெச்சாத்தான்பா திருட்டு வரும். எங்க ஊர்ல சீட்டு எடுக்கறதே எல்லாரும் பாக்கத்தான். ஒளிச்சி வெச்சவன எவன் நம்புவான்?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. கார் ஏறும்போது, "அவங்களுக்கும் பூட்டு கீது தம்பி. நம்ம பூட்டு மாதிரி இல்ல, அவ்ளோதான்" என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் எங்கள் மேனேஜருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதிகாலையில் கன்னியம்மாவோடு மீன் கூடைகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் ஏறிச் சூலூர்பேட்டை சந்தைக்குப் போனார். என்னையும் ஏற்றிக்கொண்டார். என் சட்டையை அப்புறம் யாராலும் துவைத்து மீட்க முடியவில்லை.

போகிற வழியில்தான் விஷயம் வெளிப்பட்டது. ஆண்கள் யாரும் செயலியைத் தொடுவதே இல்லை. கை ஈரம், வலையை உதறுகிற அவசரம். கரைக்கு வந்ததும் எடையை மட்டும் கன்னியம்மாவிடம் சொல்லிவிடுவார்கள். அவள் தன் ஃபோனிலேயே ஒவ்வொருவர் எண்ணாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள். பெரும்பாலும் கரையிலேயே அனுப்பிவிடுவாள். என்றைக்காவது ஆட்டோ வந்துவிட்டால் போகிற வழியில் அனுப்புவாள். ஏரியின் நடுவே போகும் அந்தச் சாலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஒரு வளைவில் கிடைக்கும். ஆட்டோ அந்த வளைவுக்கு வந்ததும் கன்னியம்மா, "இதோ, சிக்னல் கட்ட வந்துட்ச்சி" என்று ஃபோனை உயர்த்திப் பிடித்தாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் நின்றுகொண்டிருந்தன.

"தேசப்பன் அண்ணனுது இங்கேர்ந்துதான் அனுப்பினியா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு அவுரு லேட்டா வந்தாரு. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருந்தான். அதனால இங்க வந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வலை போட்ட இடத்தை அல்ல, அனுப்புகிற இடத்தைத்தான் செயலி குறித்துக்கொள்கிறது என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கூடை மேல் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நா அவுரு குடியக் கெடுத்துட்டனே."

"நீ கெடுக்கல. அந்த ஆப்ப எழுதினவங்க ஈரக் கையப் பாத்ததே இல்ல. வா, மீனு கெட்டுப் போவும்" என்றார் அக்கா.

தெரிந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். அக்கா போதாது என்று தலையை ஆட்டினார். "எழுதினா அவங்க படிக்கணுமே. எங்க நைனாவும்தான் எழுதி எழுதிக் குடுத்தாரு."

மறுநாள்தான் விசாரணை. அன்று சாயங்காலம் சத்தியவேடு, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி திரும்பினோம். நாராயணவனத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னார். டீ வருவதற்குள் என் ஃபோனை வாங்கி, செயலியில் அதிகாரியின் எண்ணைப் போட்டார். செயலியைத் தொடங்கி வைத்த விழாவில் அவருக்கும் ஒரு கணக்குத் திறந்திருந்தோம். ரகசிய எண் கேட்டது. அக்கா யோசிக்கவே இல்லை. ஒன்பதையே நாலு தடவை தட்டினார். திறந்துகொண்டது.

"எப்படிக்கா?"

"அவர் காரப் பாக்கல? ஏலத்துல போட்டி போட்டு வாங்கின நம்பரு. அவ்ளோ ஆசப்பட்டு வாங்கினத வேற எங்க வெப்பாரு?" என்றார். நண்டு என்று போட்டு, மனசுக்கு வந்த ஓர் எடையைப் போட்டு அனுப்பிவிட்டு டீயைக் கையில் வாங்கினார். என் வேலை போய்விடும் என்றே நினைத்துவிட்டேன்.

விசாரணைக்குத் தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் கன்னியம்மா நின்றாள். அதிகாரி வருத்தத்தோடுதான் ஆரம்பித்தார். "நேனேம் சேஸ்தானு அம்மா, நான் என்ன செய்வேன்? சிஸ்டம் அபத்தம் செப்பது." சிஸ்டம் பொய் சொல்லாதாம்.

"சரி சார். நேத்து வந்ததையும் கொஞ்சம் தொறந்து பாருங்க" என்றார் அக்கா.

குமாஸ்தா திறந்தார். அதிகாரியின் பெயர். நண்டு. இடம் நாராயணவனம். பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஏரி கிடக்கட்டும், ஒரு நண்டு வளை இருக்கிற ஊர்கூட இல்லை அது.

"இதி எவரு? யார் இது?" அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது.

"நீங்கதான் சார். சிஸ்டம் அபத்தம் செப்பது" என்றார் அக்கா.

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எந்தக் கணக்கிலும் சோதனை செய்ய அனுமதி. கீழே அதிகாரியின் கையெழுத்து. வேலைக்கு வந்த முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். கதவைத் தள்ளுகிறவர்தான், ஆனால் அனுமதி இல்லாத வீட்டுக் கதவைத் தள்ளுகிறவர் இல்லை.

பிறகு நிதானமாக விளக்கினார். யார் பெயரில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். குறித்துக்கொள்வது அனுப்பின இடத்தை, பிடித்த இடத்தை அல்ல. தேசப்பன் பெயரில் விழுந்த புள்ளி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாலை போகிறது.

"அனுப்பினது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"அது என் ரிப்போர்ட்ல வராது சார். யார் அனுப்பியிருந்தாலும் இப்படித்தான் விழும்."

"நாதான் சார் அனுப்பிச்சேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கன்னியம்மா உள்ளே வந்துவிட்டாள். "தெனம் எல்லாருக்கும் நாதான் அனுப்பறேன். படகு அவுருது சார், எங்கிட்ட படகு இல்ல. எதனா பண்றதுன்னா என்னப் பண்ணுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படகை விடச் சொல்லி எழுதினார். எழுதி முடித்ததும் ஃபோனை எடுத்து அவசரமாக எதையோ மாற்றப் போனார். "பொண்ணு பொறந்த வருஷம் வேணாம் சார்" என்றார் அக்கா. அதிகாரி ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது.

செயலியை மாற்றினோம். சிக்னல் இல்லாவிட்டாலும் வலை போட்ட இடத்திலேயே படகில் ஒரு பொத்தானை அமுக்கி இடத்தைப் பதித்துக்கொள்ளலாம். கன்னியம்மா தன் பெயரிலேயே மற்றவர்களுக்காக அனுப்பலாம். அனுப்பியது அவள் என்றும் பதிவாகும், உடையவர் தன் எண்ணைப் போட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டும். வரவேற்பறைத் திரையில் இப்போது திருமலையும் கோபுரமும் தெரிகின்றன.

புது ரகசிய எண் வைப்பதற்காகக் கடைசியாக ஒருமுறை ஏரிக்கரைக்குப் போனோம். அக்கா ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: பாடு வரிசை வேண்டாம், வேறு எண். பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது. ஊரே அதைக் கெட்ட வார்த்தை கேட்டது போலக் கேட்டுக்கொண்டது. இருந்தாலும் அவர் பேச்சைத் தட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, எண்ணை மாற்றினார்கள்.

காரில் ஏறப் போகும்போது தேசப்பன் ஓடிவந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லலம்மா. ஒனக்கு மட்டும் சொல்றேன். எந் நம்பரு..."

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, வேணாண்ணா. எங்கிட்டதான் மொதல்ல சொல்லக் கூடாது. ஆபீசரு பேர்ல நாராயணவனத்துல நண்டு பிடிச்சவளே நாதான்."

"எங்களுக்காகத்தான பிடிச்ச?" என்றார் தேசப்பன்.

அக்காவின் கை காதிலிருந்து தானாக இறங்கியது. தேசப்பன் குனிந்து எண்ணைச் சொல்லிவிட்டு, பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், சொல்வதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காரிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் திரும்பி நில்லுங்க. மறுபடியும் மாத்தணும்" என்றார்.